பதினெட்டாவது பச்சைத் தலை

எங்கள் பூங்காக் குளத்தில் நாற்பத்தொரு வாத்துகள் இருந்தன. ஆண் பதினேழு, பெண் இருபத்து நான்கு. பூங்கா அலுவலக எழுத்தரான நான் இருப்புப் பதிவேட்டில் என் கையால் எழுதிய எண்ணிக்கை அது. அந்த நாற்பத்தொன்றையும் பார்த்துக்கொண்டவருக்கு ஒரு பெயர் உண்டு; பணியாளர் பட்டியலோடு அதன் வேலை முடிந்துவிட்டது. மற்றபடி எல்லாருக்கும் அவர் குளத்தக்கா. என்னைவிட ஒன்பது வயது இளையவர். ஆனாலும் அக்காதான். எழுபதை நெருங்கிய தோட்டக்காரரும் அப்படித்தான் கூப்பிட்டார். "அக்கான்னு சொல்லிட்டா அதிகாரம் பண்ண மாட்டாங்க, கேட்டு நடப்பாங்க" என்பார் குளத்தக்கா.

பத்தொன்பது வயதில் இலை கூட்டும் வேலைக்கு வந்தவர். அப்போது குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளுக்கு நீச்சல் தெரியாது. ஒரு நாள் அவர் கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்து, மூழ்கிவிட்டோம் என்றே முடிவுகட்டி அலறினார். கரையில் நின்ற குளத்தக்கா துடைப்பத்தை அவரிடம் நீட்டி, "எந்திரிச்சு நில்லுங்க, போதும்" என்றார். அவர் எழுந்து நின்றார். தண்ணீர் இடுப்புக்கும் கீழே இருந்தது. அடுத்த வாரமே அவர் நுழைவாயிலுக்கு மாற்றல் கேட்டுப் போனார். குளம் இவர் கைக்கு வந்தது. நான் சொல்லப்போகும் ஆண்டில் அது இருபத்தேழாவது வருடம்.

காலை ஆறு நாற்பதுக்குக் குளத்தக்கா கரைக்கு வருவார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். இடது காலில் சைக்கிள் டியூப் ஒட்டு. கையில் நெளிந்த பிஸ்கட் டின், அதற்குள் தானியம். டின்னை மூன்று முறை குலுக்குவார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார். வாத்துகள் கத்திக்கொண்டு வரும். அவர் உதடு அசையும். கண்ணைத் திறக்கும்போது, "நாப்பத்தொண்ணு, எல்லாரும் வந்தாச்சு" என்பார்.

"கண்ணை மூடிக்கிட்டு என்ன கணக்கு?" என்று நான் ஒரு முறை கேட்டேன்.

"கண்ணுக்குத் தண்ணியில இருக்கிற நிழலும் சேர்ந்து ரெண்டு ரெண்டாத் தெரியும் அண்ணே. காதுக்கு ஒண்ணுதான்."

ஆண் வாத்துகளை அவர் மாப்பிள்ளைங்க என்பார். பொருத்தமான பெயர்தான். மின்னும் பச்சைத் தலை, கழுத்தில் வெள்ளைப் பட்டை, மார்பில் தவிட்டு நிறம், வாலில் சுருட்டி விட்டது போல இரண்டு மூன்று கறுப்பு இறகு. பெட்டைகளுக்கு மேலெல்லாம் பழுப்பும் புள்ளியும்தான். அவர்களில் மூத்தவள் பெரியத்தை, வயது பதினான்கு. பெரியத்தை கத்தினால் பூங்காவுக்கு வெளியே பேருந்துக்கு நிற்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

குளத்தக்காவின் கணவர் முடிதிருத்துபவர். பூங்காவின் பின்வாசலுக்கு எதிரே கடை. ஒரே நாற்காலி, அதன் தலைமாட்டில் ஒரு சிறு தலையணை. அத்தனை மெத்தென்ற தலையணையில் நான் வேறெங்கும் சாய்ந்ததில்லை. உள்ளே இருப்பது எங்கள் குளத்து வாத்துகள் ஆண்டுதோறும் உதிர்த்த இறகு. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் அந்தத் தலையணையில் சாய்ந்து முடி வெட்டிக்கொண்டேன். அப்படிச் சாய்ந்தும் இறகு எந்த மாதத்தில் உதிர்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. இதைப் பதிவு செய்வது என் கடமை.

ஏனென்றால் தவறு என்னிடமிருந்துதான் தொடங்கியது. இருபத்திரண்டு ஆண்டுகளாக, டிசம்பர் 31 அன்று குளத்துக்குப் போய் எண்ணி எழுதினேன். டிசம்பரில் மாப்பிள்ளைகள் முழு அலங்காரத்தில் இருப்பார்கள். ஆகவே முதல் ஆண்டிலேயே பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒரு விதி எழுதி வைத்தேன்: "பச்சைத் தலை ஆண். பழுப்புத் தலை பெண்." அலுவலகச் சன்னல் சாலையைப் பார்த்தது, சாப்பாட்டையும் மேசையிலேயே முடித்துக்கொள்வேன். ஜூலை மாதத்தில் அந்தக் குளம் எப்படி இருக்கும் என்று இருபத்திரண்டு ஆண்டில் ஒரு நாள்கூட நின்று பார்த்ததில்லை.

அந்த ஆண்டு புதிய கண்காணிப்பாளர் வந்தார். அதற்கு முன் இயந்திர உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் இருந்தவர். எழுபதாயிரம் உருப்படிகளை ஒரு திருகாணி பிசகாமல் வைத்திருந்தவர் என்று பேச்சு. வயது நாற்பத்தெட்டு. தலையில் காதோரம் தவிர வேறு இருப்பு இல்லை. வந்ததும், ஆண்டுக்கு ஒரு முறை போதாது, அரையாண்டுக்கும் எண்ண வேண்டும் என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஜூலை 6, செவ்வாய். குளத்தக்காவுக்கு வார விடுமுறை. நாங்கள் இருவரும் குளத்தை மூன்று சுற்றுச் சுற்றி எண்ணினோம். நாணல் புதருக்குள் ஒளிந்திருந்தவற்றையும் குனிந்து பார்த்தோம். மூன்று முறையும் நாற்பத்தொன்று. மூன்று முறையும் பச்சைத் தலை ஒன்றுகூட இல்லை.

"எழுதுங்க" என்றார் கண்காணிப்பாளர்.

நான் எழுதினேன்: ஆண் 0, பெண் 41. இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

மொத்தம் சரியாக இருந்ததுதான் அவரை உலுக்கிவிட்டது. "குறைஞ்சிருந்தா சாதாரணத் திருட்டு. ஆண் போயி அதே எண்ணிக்கைக்குப் பெட்டை வந்திருக்குன்னா, திட்டம் போட்டுச் செஞ்ச திருட்டு" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலை குளத்தக்காவை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"பதினேழு ஆண் வாத்து எங்கம்மா?"

"குளத்துலதான் சார்."

"நேத்து எண்ணினோம். ஒண்ணுகூட இல்ல."

"இருந்திருக்கும் சார். மாப்பிள்ளைங்க கோட்டைக் கழட்டி வெச்சிருக்காங்க. அடையாளம் தெரிஞ்சிருக்காது."

"என்ன கோட்டு?"

"இறகுதான் சார். குஞ்சு பொரிக்கிற காலம் முடிஞ்சா ஆம்பளை வாத்துக்குப் பழசெல்லாம் கொட்டிடும். பெட்டை மாதிரியே பழுப்பா முளைக்கும். அடுத்து ரெக்கையில இருக்கிற பெருசும் ஒரே வாரத்துல மொத்தமா விழுந்துடும். மூணு நாலு வாரம் பறக்கவே முடியாது. அந்த நேரத்துல பளபளன்னு திரிஞ்சா நாயும் பருந்தும் சும்மா விடுமா? அதான் பழுப்புல பதுங்கிக்கிறாங்க. அப்புறம் அந்தப் பழுப்பும் கொட்டி, பச்சை வந்துடும்."

"கிடங்குல பதினேழு போல்ட் வெச்சேன், ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா நட்டா இருந்துச்சுன்னா நீங்க நம்புவீங்களா?"

"போல்ட் முட்டையிலேருந்தா சார் வருது?" என்றார் குளத்தக்கா. "உதிர்ந்தது எல்லாம் திரும்ப முளைச்சுடும் சார். ஒண்ணு விடாம."

கண்காணிப்பாளரின் கை தானாகத் தலைக்குப் போயிற்று. "உதிர்ந்தது எல்லாமுமா?" என்றார், சற்று மெதுவாக.

"வாத்துக்குச் சார்."

நான் பதிவேட்டைப் பார்த்தபடி இருந்தேன்.

குளத்தக்கா சாட்சியங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஆணுக்கு அலகு மஞ்சள், பெட்டைக்கு ஆரஞ்சும் கறுப்புத் திட்டும். அது மாறாது என்றார். அலகு நிறம் பதிவேட்டில் இல்லை என்றார் கண்காணிப்பாளர். பெட்டைதான் உரக்கக் கத்தும், ஆணுக்குத் தொண்டை கட்டினவன் குரல் என்றார். குரலும் பதிவேட்டில் இல்லை. கடைசியில் எதிர்க்கடைக்கு ஓடிப்போய், ஆண்களின் சுருள் வால் இறகு வருடா வருடம் உதிர்கிறது என்பதற்கு அத்தாட்சியாக, கணவரின் நாற்காலித் தலையணையையே கொண்டுவந்து பிரித்துக் காட்டினார். மேசையெல்லாம் இறகு பறந்தது.

கண்காணிப்பாளர் ஒரு சுருள் இறகை விரலில் பிடித்துக்கொண்டு, "ஆக, காணாமல் போன ஆண் வாத்தோட இறகு உங்க வீட்டுல இருக்கு" என்றார்.

பூங்காவின் கால்நடை மருத்துவர், குழந்தைகள் சவாரி செய்யும் குதிரைகளுக்காகத்தான் வருவார். அவரிடம் எழுத்துமூலம் கருத்துக் கேட்டோம். பதில் அன்று மாலையே வந்தது: "சாத்தியமே. உறுதி செய்யக் காத்திருக்கவும்." குதிரை மருத்துவர் வாத்து விஷயத்தில் அதற்கு மேல் சிக்கிக்கொள்ளவில்லை.

கண்காணிப்பாளரின் அறிக்கை செப்டம்பர் முடிவதற்குள் தலைமை அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். அதில் பதினேழு ஆண் குறைவு என்று போனால், பறவைகளை மாற்றியவர் என்ற குறிப்போடு குளத்தக்கா எங்கள் துறையின் சிமென்ட் கிடங்குக்கு மாற்றப்படுவார். இருபத்தேழு வருடக் குளம் வேறொருவர் கைக்குப் போகும். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

குளத்தக்கா சுவர் நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினார். பிறகு, "எழுபது நாள் குடுங்க சார்" என்றார். "இந்த நாப்பத்தொண்ணுல ஆம்பளை எதுன்னு நானே பிடிச்சுத் தர்றேன். பதினேழையும் நீங்களே அடைச்சுப் பூட்டிக்கங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். எழுபதாவது நாள் பதினேழுக்கும் பச்சைத் தலை இல்லைன்னா, நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சிமென்ட் மூட்டை தூக்கப் போறேன்."

ஜூலை 10, சனி, முதல் நாள். குளத்தின் ஒரு மூலையைக் கம்பியால் அடைத்து மேலே வலை கட்டியிருந்தார்கள். குளத்தக்கா தண்ணீரில் இறங்கி, ஒவ்வொரு வாத்தாகப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காதைச் சாய்ப்பார். பிடிபட்ட வாத்து சும்மா இருக்காது. வாங்குகிற திட்டை வைத்து முடிவு செய்தார். கரகரவென்று முனகினால் காலில் நீல வளையம், உள்ளே. காது கிழியக் கத்தினால் வெளியே. பெரியத்தையைப் பிடித்தபோது அவள் போட்ட கூச்சலில் கண்காணிப்பாளர் இரண்டடி பின்னால் போய் வாளியில் கால் வைத்தார்.

"இது யாருன்னு நான் சொல்லணுமா சார்?" என்று கேட்டுவிட்டுப் பெரியத்தையை விட்டுவிட்டார்.

பதினேழுக்கும் ஒன்று முதல் பதினேழு வரை எண். கண்காணிப்பாளர் பூட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்தார். நிபந்தனைகளை நான் எழுதினேன். சாவி அவரிடம். தானியம் தவிர வேறு தீனி என்றால் அவர் முன்னிலையில்தான். வெளியார் நெருங்கக் கூடாது. நான்காவது நிபந்தனையை மட்டும் அவர் என் காதோடு சொன்னார்: முடிதிருத்துபவர் குளத்துக்கு நூறு அடிக்குள் வரக் கூடாது.

ஆகஸ்ட் 1, ஞாயிறு, கடையில் சாய்ந்திருந்தபோது முடிதிருத்துபவர் அதைப் பற்றித்தான் பேசினார். தலையணையில் புதுசாகத் தையல்.

"நூறு அடி! ஏன் சார், நான் என்ன நரியா?"

"நீங்க டை அடிக்கிறவர். பச்சை அடிச்சுடுவீங்கன்னு சந்தேகம்."

"முப்பது வருஷமாக் கறுப்புதான் அடிக்கிறேன். பச்சைக்கு ஒரு ஆளு வந்ததில்ல. வந்தா நல்லாத்தான் இருக்கும்." கத்தரிக்கோல் சிறிது நேரம் ஓடிற்று. "வீட்டுல இவ தூங்கறதே இல்ல சார். இவகிட்டச் சொன்னேன், என் தொழிலே முடி திரும்ப முளைக்கும்ங்கிற நம்பிக்கையிலதான் நடக்குது, உன்னோடதும் அப்படித்தான், பயப்படாதேன்னு. அதுக்கு அவ, உங்க ஆளுங்களைப் பூட்டி வெக்கலையேங்கறா."

குளத்தக்காவின் தூக்கம் போனதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முன்பே, ஜூலை 19, பத்தாம் நாள், பதினேழுக்கும் இறக்கையின் பெரிய இறகுகள் கொட்டத் தொடங்கின. இரண்டு நாளில் எல்லாம் கொட்டி முடிந்தன. கண்காணிப்பாளர் மொட்டை இறக்கைகளைப் பார்த்துத் தொற்றுநோய் என்று மருத்துவருக்கு ஆள் அனுப்பப் பார்த்தார்.

"நோய் இல்ல சார், இதுதான் நான் சொன்னது" என்றார் குளத்தக்கா. கூட்டி அள்ளிய இறகுகளை நான் எண்ணினேன். ஓர் இறக்கைக்குப் பத்து வீதம் 340 இருக்க வேண்டும். இருந்தவை 331. ஒன்பது தண்ணீரோடு போயிருக்க வேண்டும்.

அப்போதுதான் சிக்கல் வந்தது. அடைப்புக்குள் தானியம் மட்டுமே போனது. வெளியே இருந்தால் வாத்து தானே நத்தையும் புழுவும் தேடித் தின்னும். புது இறகு முளைக்கத் தானியம் போதாது என்றார் குளத்தக்கா. எழுதிக் கொடுங்கள் என்றார் கண்காணிப்பாளர். அவர் சொல்ல நான் எழுதினேன்: "பதினேழு வாத்துகளுக்கு நத்தை கோரி விண்ணப்பம்." ஜூலை 20 அன்று கொடுத்த விண்ணப்பத்துக்கு 26 அன்று அனுமதி வந்தது. மறுநாளிலிருந்து தினமும் ஆறு நாற்பதுக்குக் கண்காணிப்பாளர் சாவியோடு வர வேண்டியதாயிற்று. கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, குளத்தக்கா நத்தை போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் வாரம் கையில் செய்தித்தாள் இருந்தது. இரண்டாம் வாரம் செய்தித்தாள் மடித்தபடியே இருந்தது.

"அந்த ஏழாம் நம்பர் ஏன் தனியாவே இருக்கு?"

"அவருக்கு எப்பவும் கோவம் சார். பொண்டாட்டி வெளியில இருக்கா."

"மூணு?"

"மூணாவது மாப்பிள்ளை சாப்பாட்டுக்கு மட்டும்தான் முன்னாடி வருவார்."

"கிடங்குல எனக்கும் அப்படி ஒருத்தன் இருந்தான்" என்றார் கண்காணிப்பாளர்.

ஆகஸ்ட் 17, முப்பத்தொன்பதாம் நாள். இறக்கை இறகு மீண்டும் முழுதாக வளர்ந்திருந்தது. குளத்தக்கா ஏழாம் எண்ணைப் பிடித்து இறக்கையை விசிறி போல விரித்தார். ஒவ்வொரு இறகிலும் நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு வெளிறிய கோடு. எல்லாம் ஒரே இடத்தில், அளவுகோல் வைத்துக் கிழித்தது போல. அடுத்த வாத்துக்கும் அப்படியே. பதினேழுக்கும்.

"இது என்ன?" என்றார் கண்காணிப்பாளர்.

"முளைக்கிற நேரத்துல தீனி போதலைன்னா இப்படிக் கோடு விழும் சார். அந்த இடத்துல இறகு மெலிசா இருக்கும்." அவர் விரலால் தடவினார். "விண்ணப்பம் உங்க மேசையில இருந்த ஆறு நாள் இது."

நான் வாழ்க்கையில் எத்தனையோ பதிவேடுகளைப் பார்த்திருக்கிறேன். திருத்தவோ சுரண்டவோ முடியாத பதிவேட்டை அன்றுதான் பார்த்தேன். கண்காணிப்பாளர் தம் விரலாலும் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். மறுநாள் காலை அவருடைய சாப்பாட்டு டப்பா நிறைய நத்தை இருந்தது. கால்சட்டை முழங்கால் வரை சேறு.

ஆனாலும் தலைகள் பழுப்பாகவே இருந்தன. ஆகஸ்ட் 31 முடிந்தது, ஐம்பத்து மூன்று நாள். என் குறிப்பில் பச்சைக்கு நேராக ஐம்பத்து மூன்று சுழியம். பூட்டி வைத்ததால் தள்ளிப்போகுமோ என்று குளத்தக்காவே ஒரு முறை வாய்விட்டுச் சொன்னார். பூட்ஸை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு அவர் வந்த காலையும் ஒன்று உண்டு. நாங்கள் யாரும் அதைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 4, ஐம்பத்தேழாம் நாள். நான்காம் எண்ணின் கண்ணுக்குப் பின்னால், கடுகளவு, பச்சை.

கண்காணிப்பாளர் கைக்குட்டையை நனைத்து அந்த இடத்தைத் தேய்த்தார். கைக்குட்டையைப் பார்த்தார். மறுபடி தேய்த்தார். மூன்றாம் முறை நான்காம் எண் அவர் கட்டைவிரலைக் கவ்வியது.

"கடிச்சா நிஜந்தான் சார்" என்றார் குளத்தக்கா. இரண்டு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மறுநாள் ஞாயிறு. நான் கடையில் சாய்ந்திருந்தேன். குளத்தக்கா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். முகத்தில் நேற்றைய சிரிப்பு இல்லை.

"என்ன, பச்சை போயிடுச்சா?" என்றார் முடிதிருத்துபவர்.

"பச்சை கூடிடுச்சு" என்றார் குளத்தக்கா. "அண்ணே, பெரியத்தை ஒரு மாசமா நாணலுக்குள்ளயே இருந்தா. இறகு கொட்டுற நேரம், வெக்கப்பட்டுக்கிட்டு இருக்கான்னு விட்டுட்டேன். இன்னிக்குக் காலையில வெளிய வந்தா. தலை பச்சை. கழுத்துல வெள்ளைப் பட்டை. வால்ல சுருளு வேற."

கத்தரிக்கோல் நின்றது. "பெரியத்தையா? நம்ம பெரியத்தையா?"

"முட்டை போடறது நின்னு மூணு வருஷமாச்சு. வயசான பெட்டை ஒண்ணு ரெண்டு இப்படி மாப்பிள்ளைக் கோட்டு போட்டுக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். இந்த வருஷம்தானா இவளுக்கு அந்த ஆசை வரணும்?" அவர் முக்காலியில் உட்கார்ந்தார். "பதினேழு குறைஞ்சப்ப திட்டம் போட்ட திருட்டுன்னாரு. இப்ப பதினெட்டா ஆனா? வெளியிலேருந்து ஆம்பளையைக் கொண்டாந்து விடுறேன்னு ஆயிடுமே. அப்புறம் பூட்டுக்குள்ள இருக்கிற பதினேழையும் யாரு நம்புவா?"

முடிதிருத்துபவர் சற்று யோசித்தார். "பழுப்பு டை ஒரு கிண்ணம் கலக்கறேன்."

"உங்களுக்கு நூறு அடி."

"நான் எதுக்கு வரணும்? பெரியத்தையை இங்க கூட்டிட்டு வா. சாருக்கு அடுத்து நாற்காலி காலிதான்."

குளத்தக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அதைத் துடைத்துக்கொண்டார். "வேணாங்க. பதினேழு பேரு நெஜமா மாறிக்கிட்டு இருக்காங்க. ஒருத்திக்குப் பொய்யைப் பூசிட்டா அத்தனையும் பொய்யாயிடும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க என்ன எழுதுவீங்க?"

"பச்சைத் தலை ஆண். விதி அப்படி."

"விதி யாரு போட்டது?"

"நான்தான்."

"ம்" என்றார் குளத்தக்கா. அந்த 'ம்' எனக்குப் பன்னிரண்டு நாள் காதில் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் கண்காணிப்பாளரின் கண் அடைப்பை விட்டு நகரவில்லை; வெளியே நீந்தியவளை அவர் கவனிக்கவில்லை.

செப்டம்பர் 17, வெள்ளி, எழுபதாம் நாள். கண்காணிப்பாளர் பூட்டைத் திறந்தார். பதினேழு மாப்பிள்ளைகளும் வரிசையாக வெளியே வந்தார்கள், பதினேழு பச்சைத் தலை, பதினேழு வெள்ளைப் பட்டை. கைக்குட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தவர், எடுத்ததை மறுபடி உள்ளே வைத்துவிட்டார்.

"உங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்கணும்" என்று குளத்தக்காவிடம் சொன்னார்.

"முழுக்க எண்ணிட்டுக் கேளுங்க சார்" என்றார் குளத்தக்கா.

குளத்தைச் சுற்றி வந்தோம். மொத்தம் நாற்பத்தொன்று. பச்சைத் தலை பதினெட்டு. கண்காணிப்பாளர் மறுபடி சுற்றினார். பதினெட்டு. கால் வளையம் இல்லாத அந்த ஒரு பச்சைத் தலை கரையோரம் நிதானமாக நீந்திக்கொண்டிருந்தது. அவர் நெற்றி சுருங்கியது. கிடங்கில் பழகியவருக்குக் குறைவைவிட மிகுதிதான் ஆபத்து; குறைந்தால் ஒருவன் திருடன், கூடினால் கணக்கே பொய்.

"பதினெட்டு எப்படி?"

குளத்தக்கா டின்னைக் கையில் எடுத்தார். குலுக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஐம்பது காலைகளுக்கு மேல் அந்த வாளியில் உட்கார்ந்திருந்தவர் அவர்.

கண்காணிப்பாளர் கொஞ்ச நேரம் டின்னைப் பார்த்தார். பிறகு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"குலுக்குங்க."

குளத்தக்கா மூன்று முறை குலுக்கினார். முதலில் முனகல்கள், தொண்டை கட்டிய ஒரு கூட்டம். அதன் மேல் பெட்டைகளின் கூச்சல். அதற்கும் மேலே, பேருந்து நிறுத்தம் வரை போகிற மாதிரி, ஒரு குரல். பூட்ஸ் நுனிக்கு வந்து நின்று, தீனி ஏன் தாமதம் என்று கேட்டது அந்தப் பதினெட்டாவது பச்சைத் தலை.

"இது பொம்பளை" என்றார் கண்காணிப்பாளர், கண்ணைத் திறக்காமலே. அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "இது... வாளியில கால் வைக்க வெச்சவ. பெரியத்தைதானே?"

குளத்தக்கா தலையை ஆட்டினார்.

"எழுதுங்க" என்றார் அவர் என்னிடம். "ஆண் பதினேழு, பெண் இருபத்து நாலு."

"விதிப்படி பச்சைத் தலை..." என்று நான் இழுத்தேன்.

"விதி யாரு போட்டது?" என்று இருவரும் ஒரே சமயத்தில் கேட்டார்கள்.

இருபத்திரண்டு ஆண்டுப் பதிவேட்டின் முதல் பக்கத்தில், அந்த வரியைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் தேதி போட்டேன். ஜூலை 6-ஆம் தேதிப் பதிவையும் அடித்தேன். புதிதாக எழுதியது இது: "அலகாலும் குரலாலும் உறுதி செய்யவும். தலையை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது." கண்காணிப்பாளர் இரண்டாம் வாக்கியத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, தலையைத் தடவிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். குறிப்புப் பகுதியில், பெட்டைகளில் ஒன்று, பெரியத்தை, ஆண் இறகு பூண்டுள்ளது என்று சேர்த்தேன். எங்கள் பதிவேட்டில் பெயரோடு பதிவான முதல் உருப்படி அவள்தான்.

முடிதிருத்துபவருக்கு நூறு அடித் தடை அன்றே நீங்கியது. வந்ததும் பதினெட்டையும் ரசித்துப் பார்த்தார். கண்காணிப்பாளர் தலைப் பக்கமும் ஒரு பார்வை போயிற்று. "சார், எழுபது நாள் நீங்களும் நத்தை..." என்று தொடங்கியவரைக் குளத்தக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று; குறைவு இல்லை, மிகுதி இல்லை. குளத்தக்கா அதற்குப் பிறகு பதினான்கு ஆண்டு அந்தக் குளத்தில் இருந்து, தம் அறுபதாவது வயதில் ஓய்வு பெற்றார். பூட்ஸில் மட்டும் ஒட்டு கூடிக்கொண்டே போயிற்று.

நான் சொல்ல மறக்கக் கூடாதது, பூட்டுத் திறந்த மறுநாள். அறிக்கையில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்ததால், காலையிலேயே கண்காணிப்பாளரைத் தேடிக் குளக்கரைக்குப் போனேன். மணி ஆறு நாற்பது. அவர் வாளியில் உட்கார்ந்திருந்தார்.

"பூட்டுத் திறந்தாச்சே சார், இன்னும் எதுக்கு வந்திருக்கீங்க?" என்று குளத்தக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.

"சும்மா. குலுக்குங்க."

டின் மூன்று முறை குலுங்கியது. அவர் கண் மூடியிருந்தது, உதடு அசைந்தது. கூச்சல் அடங்கியதும் கண்ணைத் திறந்தார். முகத்தில் கலக்கம்.

"நாப்பதுதான் வருது."

குளத்தக்கா தண்ணீரைப் பார்க்கக்கூட இல்லை. "மூணாவது மாப்பிள்ளை வாய் நிறைய நத்தை வெச்சிருப்பார் சார். முழுங்கட்டும். மறுபடி எண்ணுங்க."